காரணப்பெயரும் இடுகுறிப்பெயரும்: நச்சுயிரிப் பெயரீட்டின் வரலாறு

முன்னுரை

பெயரைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. நன்னூல் உரையாசிரியர்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காரண இடுகுறிப்பெயரையும் விளக்கியுள்ளனர். முள்ளி என்னும் பெயர், முள்ளுடைமையாகிய காரணத்தைக் கருதும்போது முள்ளுடைய செடிகள் பலவற்றிற்கும் பொருந்தும். காரணத்தைக் கருதாதபோது ஒரு செடிக்கே உரிய இடுகுறியாய் நிற்கும். ஒரு பெயர் பிறந்தபோது இருந்த காரணம் பின்னர் மங்கலாம், பொய்த்தும் போகலாம். ஆயினும் பெயர் நிலைத்துவிடுகிறது.

நச்சுயிரிகளுக்குப் பெயரிட முனைந்த அறிவியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எதிர்கொண்ட சிக்கலும் இத்தகையதே. விலங்கையும் செடியையும் கண்டு பெயரிடலாம். நச்சுயிரியோ கண்ணுக்குப் புலனாவதில்லை. அதற்கென உயிரணு இல்லை. புதைபடிவமாக எலும்போ ஓடோ விட்டுச் செல்வதுமில்லை. எனவே அது உண்டாக்கிய நோய், தாக்கிய உயிர், அகப்பட்ட ஊர் ஆகியவற்றுள் ஒன்றே பெயருக்குக் காரணமாயிற்று. அக்காரணங்கள் பிழைபட்டபோது அறிவு தடைப்பட்டது. சில வேளைகளில் மக்கள் பழி சுமந்தனர். காரணப்பெயர்கள் எவ்வாறு படிப்படியாக இடுகுறித் தன்மை பெற்றன, அம்மாற்றத்தால் எய்தியவை எவை, எஞ்சியவை எவை என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

நஞ்சு என்னும் பெயர்

‘வைரஸ்’ என்னும் இலத்தீன்சொல் நஞ்சைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை தொற்றுநோயை உண்டாக்கும் எப்பொருளையும் மருத்துவர்கள் இச்சொல்லால் சுட்டினர். 1892இல் உருசிய அறிஞர் திமீத்ரி இவனோவ்ஸ்கி, புகையிலைத் தேமல் நோய் கண்ட இலையின் சாற்றை, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்துளை வடிகட்டியில் வடித்த பின்னரும் அது நோயைப் பரப்பியதைக் கண்டறிந்தார். 1898இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் இதே முடிவை எட்டியதோடு, இதனை உயிருள்ள தொற்றுநீர்மம் என விளக்கினார். அவ்வாண்டிலேயே ஜெர்மானியர்களான லோஃப்லர், ஃப்ராஷ் இருவரும் கால்நடைகளின் கோமாரி நோய்க்குக் காரணமான பொருளும் வடிகட்டியைக் கடக்கிறது என்று நிறுவினர்.

இக்காலத்தில் நச்சுயிரி என்பது ‘வடிகட்டியில் தங்காதது, வளர்ப்பு ஊடகத்தில் வளராதது’ என எதிர்மறையாகவே வரையறுக்கப்பட்டது. எதிர்மறைப் பண்புகளைக் கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே தனித்தனி நச்சுயிரிகளுக்குப் பெயரிட வேண்டியபோது நோயின் பெயரே நச்சுயிரியின் பெயராயிற்று. புகையிலைத் தேமல் நச்சுயிரி, மஞ்சள் காய்ச்சல் நச்சுயிரி முதலிய பெயர்கள் இவ்வாறு அமைந்தவை.

எண்ணும் இலத்தீனும்

நோயின் பெயரால் நச்சுயிரியைச் சுட்டுவதில் உள்ள இடர்ப்பாட்டைப் பயிர்நோய் அறிஞர்களே முதலில் உணர்ந்தனர். ஒரே நச்சுயிரி இரு வேறு பயிர்களில் இரு வேறு நோய்க்குறிகளைத் தோற்றுவிக்கும். இரு வேறு நச்சுயிரிகள் ஒரே பயிரில் ஒத்த தேமலைத் தோற்றுவிப்பதும் உண்டு. 1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜான்சன் இதற்குத் தீர்வாக ஓர் எண்முறையை முன்மொழிந்தார். பயிரின் பொதுப்பெயர், வைரஸ் என்னும் சொல், ஓர் எண் ஆகிய மூன்றும் சேர்ந்து பெயராகும். இம்முறையில் புகையிலைத் தேமல் நச்சுயிரி, ‘புகையிலை வைரஸ் 1’ ஆனது. 1937இல் இங்கிலாந்தின் கென்னத் ஸ்மித், பயிரின் பொதுப்பெயருக்கு மாற்றாக அதன் இலத்தீன் பேரினப் பெயரை இட்டு, இதனையே ‘நிகோட்டியானா வைரஸ் 1’ என்றார். எண் என்பது முற்றிலும் இடுகுறி. எனினும் அவ்விடுகுறி ஒரு பயிரோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு நச்சுயிரி பல பயிர்களைத் தாக்கும் என்பது தெரியவந்தபோது அக்கட்டே குறையாக மாறியது.

1939இல் ஃபிரான்சிஸ் ஹோம்ஸ், லின்னேயசின் வழியைப் பின்பற்றி நச்சுயிரிகளுக்கு இருசொற்பெயர் சூட்டினார். புகையிலைத் தேமல் நச்சுயிரிக்கு ‘மார்மோர் டபாசி’ என்பது அவர் அளித்த பெயர். மார்மோர் என்பதற்குப் பளிங்கு என்பது பொருள். தேமல் படர்ந்த இலை பளிங்குக்கல்லின் தோற்றத்தைத் தருவது பற்றி அது பேரினப் பெயராயிற்று. 1948இல் பாக்டீரியாக்களின் வகைப்பாட்டிற்குப் பெயர்பெற்ற பெர்ஜி கையேட்டின் ஆறாம் பதிப்பில் ஹோம்சின் முறை விரிவான வடிவில் இடம்பெற்றது.

ஹோம்ஸ் அளித்தது அறிவியல் வடிவம் கொண்ட பெயர். ஆனால் அதன் அடிப்படை பழைய காரணமாகிய நோய்க்குறியே. இலையில் தேமல் காட்டியவை பலவும் மார்மோர் பேரினத்துள் அடங்கின. புகையிலைத் தேமல் நச்சுயிரியும் வெள்ளரித் தேமல் நச்சுயிரியும் அங்கு ஒரு பேரினத்தின் உறுப்புகள். மின்னணு நுண்ணோக்கியோ முன்னது கோல் வடிவினது, பின்னது கோள வடிவினது எனக் காட்டிற்று. உறவில்லாதவற்றை உறவாக்கிய அப்பெயர்களை நச்சுயிரியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இலத்தீன் இருசொற்பெயர் மீது அத்துறையில் நெடுங்காலம் நிலவிய ஐயத்திற்கு இத்தோல்வியும் ஒரு காரணம் எனலாம்.

நோய்க்குறியிலிருந்து உள்ளமைப்பிற்கு

ஹோம்சின் முறை வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே புதிய அடிப்படை தோன்றத் தொடங்கியிருந்தது. 1935இல் வெண்டல் ஸ்டேன்லி புகையிலைத் தேமல் நச்சுயிரியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதில் புரதத்துடன் ஆர்என்ஏவும் உண்டு என்பதை 1936இல் பாடென், பிரி ஆகியோர் கண்டறிந்தனர். 1939இல் அந்நச்சுயிரியின் மின்னணு நுண்ணோக்கிப் படம் வெளியாயிற்று. நீர்மம் எனக் கருதப்பட்டது, வடிவமும் அளவும் வேதிப்பொருளும் உடைய துகள் என்று தெளிவாயிற்று.

இத்தெளிவின் பயனாக 1962இல் ஆந்த்ரே லுவாஃப், ராபர்ட் ஹார்ன், பால் தூர்னியே ஆகிய மூவரும் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தனர். துகளினுள் இருப்பது டிஎன்ஏவா ஆர்என்ஏவா, அதன் புரதக்கூடு எவ்வகைச் சமச்சீர் உடையது, கூட்டைச் சுற்றி உறை உண்டா இல்லையா என்பன போன்ற வினாக்களே அதன் அளவுகோல்கள். நோயும் தாக்கப்படும் உயிரும் அவ்வளவுகோல்களில் இடம்பெறவில்லை. மனிதனைத் தாக்குவது, விலங்கைத் தாக்குவது, செடியைத் தாக்குவது என்ற பழைய எல்லைகள் இதனால் தகர்ந்தன.

1966இல் மாஸ்கோவில் நடைபெற்ற பன்னாட்டு நுண்ணுயிரியல் மாநாட்டில் நச்சுயிரிப் பெயரீட்டிற்கென ஒரு பன்னாட்டுக் குழு அமைந்தது. பீட்டர் வைல்டி தொகுத்த அதன் முதல் அறிக்கை 1971இல் வெளிவந்தது. 1970களின் இடைப்பகுதியில் அக்குழு, பன்னாட்டு நச்சுயிரி வகைப்பாட்டுக் குழு எனப் பெயர் மாற்றம் பெற்றது. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட நெறிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. முதலில் இடப்பட்ட பெயருக்கே உரிமை என்னும் முந்துரிமை விதி நச்சுயிரிகளுக்குப் பொருந்தாது என்பது ஒன்று. ஆளின் பெயரை நச்சுயிரிக்கு இடலாகாது என்பது மற்றொன்று. விலங்கியலிலும் தாவரவியலிலும் வலுவாக நிற்கும் முந்துரிமையை இத்துறை கைவிட்டமைக்குப் பொருள் உண்டு. முதலில் கண்டவரின் காரணம் பெரும்பாலும் பிழையாக இருந்ததை இத்துறையின் முந்தைய வரலாறு உணர்த்தியிருந்தது.

அதே 1966இல் கிப்ஸ், ஹாரிசன், வாட்சன், வைல்டி ஆகியோர், நச்சுயிரியின் பொதுப்பெயரை மாற்றாது, அதனருகே பண்புகளைச் சுட்டும் ஒரு குறியீட்டுத் தொடரைச் சேர்க்கலாம் என்றனர். புகையிலைத் தேமல் நச்சுயிரிக்கு உரிய தொடர், அதன் உட்பொருள் ஆர்என்ஏ, இழை ஒன்று, மூலக்கூற்று எடை இருபது இலட்சம், துகளில் ஆர்என்ஏவின் பங்கு 5 விழுக்காடு, வடிவம் நீண்டது, தாக்குவது விதைத்தாவரத்தை, பரவுவதற்குக் கடத்தி தேவையில்லை என்னும் செய்திகளையெல்லாம் சில எழுத்துகளிலும் எண்களிலும் அடக்கியிருந்தது. முழுமையான காரணப்பெயர் ஒன்றை ஆக்கும் முயற்சி இது. ஆயினும் நாவால் சொல்ல இயலாத ஒன்று பெயராக வழங்காது; குறியீட்டுத் தொடர் விரைவில் வழக்கொழிந்தது.

பயிர்நோய் அறிஞர்கள் கண்ட வேறொரு வழி நிலைபெற்றது. அவர்கள் ஆங்கிலப் பொதுப்பெயரின் அசைகளை வெட்டி ஒட்டிப் புதுச்சொல் ஆக்கினர். டொபாக்கோ மொசைக் என்பதிலிருந்து ‘டொபமோவைரஸ்’ பிறந்தது. பொட்டேட்டோ ஒய் என்பதிலிருந்து ‘பொட்டிவைரஸ்’ பிறந்தது. காரணத்தின் சுவடு இவற்றில் உண்டு. எனினும் டொபமோவைரஸ் வகுப்பில் உள்ளவை அனைத்தும் புகையிலையைத் தாக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. முள்ளியைப் போன்று இவையும் காரண இடுகுறிகளே.

1971இல் டேவிட் பால்டிமோர், நச்சுயிரி தன் மரபுப்பொருளிலிருந்து தூது ஆர்என்ஏவை உருவாக்கும் வழியைக் கொண்டு ஆறு வகுப்புகளை வரையறுத்தார். ஏழாவது பின்னர்ச் சேர்க்கப்பட்டது. இது பெயரிடும் முறையன்று. ஆயினும் பாடநூல்களில் இன்றும் நச்சுயிரிகளை அறிமுகப்படுத்தும் முதல் வாயிலாக விளங்குகிறது.

ஊர்ப்பெயர் பெற்ற நச்சுயிரிகள்

உள்ளமைப்பு வகைப்பாட்டை மாற்றியபோதும் புதிதாகக் கண்டறியப்பட்ட நச்சுயிரிக்கு உடனடியாகப் பெயர் தேவைப்பட்டது. கொசு, உண்ணி ஆகியவற்றின் வழிப் பரவும் நச்சுயிரிகளைத் தேடிய ஆய்வாளர்கள் அவை அகப்பட்ட இடத்தின் பெயரையே இட்டனர். உலகெங்கும் இவ்வழக்கம் பரவியிருந்தது. 1952இல் பூனாவில் இராக்பெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கிய நச்சுயிரி ஆய்வு மையத்தின் பணிகளால் இந்திய ஊர்கள் பலவும் இப்பட்டியலில் சேர்ந்தன.

1957இல் கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் இறந்தும் மனிதர்கள் காய்ச்சலுற்றும் வெளிப்பட்ட நோய்க்குக் கியாசனூர் காட்டின் பெயர் அமைந்தது. 1965இல் மகாராட்டிரத்தில் காய்ச்சல் கண்டவர்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நச்சுயிரி சண்டிபுரா என்னும் ஊரின் பெயரைப் பெற்றது. ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆட்டு உண்ணியிலிருந்து பெறப்பட்டது கஞ்சம் நச்சுயிரி எனப்பட்டது.

ஊர்ப்பெயர் எளிதில் நினைவில் நிற்கும், குழப்பம் தராது. ஆனால் அது உறவைச் சொல்வதில்லை. கஞ்சம் நச்சுயிரியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்யாவின் நைரோபியை ஒட்டிய பகுதிகளில் செம்மறியாடுகளைத் தாக்கிய நைரோபி ஆட்டுநோய் நச்சுயிரியும் ஒன்றன் திரிபுகளே என்பதை மரபுப்பொருள் ஆய்வுகள் காட்டின. இரு நாட்டின் இரு பெயர்கள் ஒரே பொருளை இரண்டாகக் காட்டியிருந்தன.

இதன் மறுபக்கத்தைத் தோட்டப்பாளைய நச்சுயிரியில் காணலாம். 1964இல் வேலூரின் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. 1971இல் வெளியான கட்டுரை அதனைப் பூச்சி, உண்ணி முதலியவற்றால் பரவும் நச்சுயிரியாக இருக்கலாம் எனக் கருதியது. இதற்கிடையே, கொரியப் போரில் படைவீரர்கள் பலரைத் தாக்கிய குருதிப்போக்குக் காய்ச்சலுக்குக் காரணமான நச்சுயிரியை 1976இல் தென்கொரிய அறிஞர் லீ ஹோ வாங் வயலெலியில் கண்டறிந்தார். ஹந்தான் ஆற்றின் பெயரால் அது ஹந்தான் நச்சுயிரி ஆயிற்று. அதன் இனத்தவை அனைத்தும் ஹந்தா நச்சுயிரிகள் எனப்பட்டன. 1980களின் இறுதியிலேயே தோட்டப்பாளைய நச்சுயிரியும் அக்கூட்டத்தைச் சேர்ந்தது என்பது உறுதியாயிற்று. 2007இல் வெளியான மரபுத்தொடர் ஆய்வுகள், எலிவழி ஹந்தா நச்சுயிரிகளிலிருந்து அது நெடுந்தொலைவு விலகி நிற்பதைக் காட்டின.

பிரித்தெடுக்கப்பட்ட காலத்தால் மூத்தது வேலூரில் கிடைத்தது. குடும்பப் பெயரைப் பெற்றதோ கொரியாவின் ஆறு. முந்துரிமை விதி இல்லாத துறையில் இது முறைகேடன்று. எனினும் ஓர் உண்மை இதனால் விளங்குகிறது. ஊர்ப்பெயரும் பரவும் வழி பற்றிய ஊகமும் மட்டுமே கிடைத்த நிலையில், அந்நச்சுயிரியின் உண்மையான உறவு கால் நூற்றாண்டுக் காலம் மறைந்திருந்தது. பெயர் இருந்தது, இடம் இல்லை.

பெயரும் பழியும்

ஊர்ப்பெயரால் நேர்ந்த மற்றொரு விளைவு அறிவியலின் எல்லையைக் கடந்தது. 1967இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரமும், 1969இல் நைஜீரியாவின் லாசா என்னும் ஊரும் கொடிய காய்ச்சல்களுக்குப் பெயராயின. 1976இல் அன்றைய சயீர் நாட்டின் யாம்புக்கு என்னும் ஊரில் புதிய குருதிப்போக்குக் காய்ச்சல் தோன்றியபோது, அவ்வூருக்குப் பழி நேராதிருக்க ஆய்வுக்குழுவினர் சற்றுத் தொலைவில் ஓடிய எபோலா ஆற்றின் பெயரைத் தேர்ந்தனர். பெயரிடுவோர் பெயரைச் சுமப்போரை எண்ணிப் பார்த்த தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று.

1993இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் கூடும் பகுதியில் புதிய ஹந்தா நச்சுயிரி வெளிப்பட்டது. நாற்சந்திப்பைக் குறிக்கும் பெயரை அப்பகுதியினர் ஏற்கவில்லை. மூர்ட்டோ பள்ளத்தாக்கின் பெயரை நவாஹோ மக்கள் எதிர்த்தனர். இறுதியில் ‘சின் நோம்ப்ரே’ என்று அதற்குப் பெயராயிற்று. இசுபானிய மொழியில் அத்தொடருக்குப் ‘பெயரில்லாதது’ என்பது பொருள். காரணம் எதுவும் வேண்டாம் என்னும் நிலையில் பிறந்த பெயராக இதனைக் கொள்ளலாம்.

பெயர் உரிமைப் போராட்டமாக மாறியதற்கு எய்ட்ஸ் நச்சுயிரி சான்று. 1982இல் அந்நோய்க்குத் தன்பாலின உறவினரைச் சுட்டும் பெயர் ஒன்று வழங்கியது. அவ்வாண்டிலேயே எய்ட்ஸ் என்னும் பொதுப்பெயர் அதனை விலக்கிற்று. ஆனால் நச்சுயிரிக்கு மூன்று பெயர்கள் தோன்றின. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தினர் எல்ஏவி என்றனர். 1984இல் அமெரிக்காவின் ராபர்ட் கேலோ குழுவினர், தாம் முன்னர்க் கண்டறிந்த நச்சுயிரிகளின் வரிசையில் மூன்றாவதாக்கி எச்டிஎல்வி-3 என்றனர். சான்பிரான்சிஸ்கோ குழுவினர் ஏஆர்வி என்றனர். ஒவ்வொரு பெயரும் கண்டுபிடிப்பின் உரிமையை ஒரு சாரார்க்கு அளிப்பதாக அமைந்தது. 1986இல் ஹெரால்டு வார்மஸ் தலைமையிலான குழு எச்ஐவி என்னும் புதுப்பெயரைப் பரிந்துரைத்தது. குழுவில் இருந்த கேலோ அதில் கையொப்பமிடவில்லை. எனினும் அப்பெயரே நிலைத்தது. வகைப்பாட்டு நோக்கிலும் அது சரியானது. எச்டிஎல்வி வரிசையோடு அந்நச்சுயிரிக்கு நெருங்கிய உறவு இல்லை.

2015இல் உலக நலவாழ்வு நிறுவனம், புதிய மனித நோய்களுக்கு ஊர், ஆள், விலங்கு, மக்கள் பிரிவு ஆகியவற்றின் பெயர்களை இடுதல் தவிர்க்கப்பட வேண்டும் என நெறிப்படுத்தியது. 2020 பிப்ரவரி 11 அன்று அந்நிறுவனம் நோய்க்குக் கோவிட்-19 என்று பெயரிட்டது. அதே நாளில் பன்னாட்டு வகைப்பாட்டுக் குழுவின் கொரோனா நச்சுயிரி ஆய்வுக்குழு, நச்சுயிரிக்கு சார்ஸ்-கோவி-2 என்று பெயரிட்டதை வெளியிட்டது. நோய்க்குப் பெயரிடுவோர் ஒரு சாரார், நச்சுயிரிக்குப் பெயரிடுவோர் மற்றொரு சாரார் என்பது அன்று உலகிற்குப் புலனாயிற்று.

2021இல் பி.1.617 என்னும் திரிபு ‘இந்தியத் திரிபு’ என ஊடகங்களில் வழங்கியபோது இந்திய அரசு அதனை எதிர்த்தது. அச்சொல்லை நீக்குமாறு மே மாதத்தில் சமூக ஊடக நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இனத்திற்குக் கீழ்ப்பட்ட திரிபுகளுக்குப் பெயரிடுவது பன்னாட்டு வகைப்பாட்டுக் குழுவின் பொறுப்பன்று. மே 31 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கிரேக்க எழுத்துகளைத் திரிபுகளுக்கு வழங்கியது, பி.1.617.2 டெல்டா ஆனது. எழுத்தின் பெயரில் எந்த நாடும் இல்லை. இடுகுறி மக்களுக்கு அளித்த காப்பு இது.

இனம் வேறு, நச்சுயிரி வேறு

இப்பூசல்களுக்கிடையே வகைப்பாட்டியலில் ஓர் அடிப்படை வேறுபாடு தெளிவு பெற்றது. 1991இல் பன்னாட்டுக் குழு நச்சுயிரி இனத்திற்கு வரையறை ஒன்றை ஏற்றது. மார்க் வான் ரெகன்மார்ட்டெல் வலியுறுத்திய கருத்து அதன் அடிப்படை. ஓர் இனத்தின் உறுப்புகள் அனைத்திற்கும் கட்டாயமாக ஒரே பண்பு இருக்க வேண்டியதில்லை. பல பண்புகளுள் பெரும்பாலானவற்றைப் பகிர்ந்தால் போதும் என்பது அதன் சாரம். 2013இல் இவ்வரையறை மாற்றப்பட்டு, பொது மூதாதையிலிருந்து தோன்றிய கூட்டம் என்பது முதன்மை பெற்றது. வரையறை மாறினும் ஒரு தெளிவு மாறவில்லை. நச்சுயிரி என்பது நோயைத் தரும், பிரித்தெடுக்கப்படும், படமெடுக்கப்படும் பொருள். இனம் என்பது மனத்தால் வகுத்த கருத்து. இனம் யாரையும் தொற்றாது. இனத்தைச் சேர்ந்த நச்சுயிரியே தொற்றும்.

2017இல், வளர்க்கப்படாது, மரபுத்தொடராக மட்டும் அறியப்பட்ட நச்சுயிரிகளையும் வகைப்பாட்டில் சேர்க்கலாம் என்னும் முடிவு வெளியானது. கடல்நீர், மண், கழிவுநீர் முதலியவற்றிலிருந்து கணினி வழிக் கோக்கப்பட்ட மரபுத்தொடர்கள் பெருகின. நோயோ, வடிவமோ, தாக்கப்படும் உயிரோ தெரியாத இவற்றிற்குக் காரணப்பெயர் இடுவது இயலாத செயல். பின்னர், உச்சநிலையாகிய பெரும்புலம் முதல் இனம் வரை 15 படிநிலைகள் கொண்ட அமைப்பு ஏற்கப்பட்டது. ஒவ்வொரு படிநிலைக்கும் தனி விகுதி உண்டு. ‘விரியா’ எனின் பெரும்புலம், ‘விராலிஸ்’ எனின் வரிசை, ‘விரிடே’ எனின் குடும்பம், ‘வைரஸ்’ எனின் பேரினம். விகுதி கொண்டே பாலும் எண்ணும் உணரும் தமிழ் இலக்கண மாணவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

2021இல் இனங்கள் அனைத்திற்கும் இருசொற்பெயர் கட்டாயமாயிற்று. முதற்சொல் பேரினத்தின் பெயர். இரண்டாம் சொல் இனத்திற்கே உரியது. 1939இல் மார்மோர் டபாசி எனப்பட்டதைச் சேர்ந்த இனம் இன்று ‘டொபமோவைரஸ் டபாசி’. ஹோம்சின் இரண்டாம் சொல் மீண்டு வந்தது, முதற்சொல் வரவில்லை. அவருடைய பிழை இருசொல் வடிவில் இல்லை, முதற்சொல்லின் அடிப்படையில் இருந்தது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. தேமல் சுட்டிய உறவு அழிந்து, மரபுத்தொடர் சுட்டிய உறவு அவ்விடத்தில் அமர்ந்தது.

இரண்டாம் சொல்லில் பழைய காரணங்கள் பலவும் வாழ்கின்றன. கியாசனூர் நச்சுயிரியின் இனம் ‘ஆர்த்தோஃபிளாவிவைரஸ் கியாசனூரென்ஸ்’. சண்டிபுரா நச்சுயிரியின் இனம் ‘வெசிகுலோவைரஸ் சண்டிபுரா’. எபோலா நச்சுயிரியின் இனப்பெயராகிய ‘ஆர்த்தோஎபோலாவைரஸ் சயீரென்ஸ்’ என்பதில், 1997இல் பெயர் மாறிய நாடு ஒன்று நிலைத்திருக்கிறது. பெயரில்லாதது எனப்பட்டது ‘ஆர்த்தோஹந்தாவைரஸ் சின்னோம்ப்ரியென்ஸ்’ ஆயிற்று. ‘என்ஸ்’ என்பது ஓரிடத்தைச் சார்ந்தது எனப் பொருள்தரும் இலத்தீன் விகுதி. பெயரின்மையே இங்கு ஊராகிவிட்டது. தோட்டப்பாளைய நச்சுயிரியின் இனம் ‘தோட்டிம்வைரஸ் தோட்டப்பாளையமென்ஸ்’. அப்பேரினப் பெயர், தோட்டப்பாளையம், கொரியாவின் இம்ஜின் ஆகிய இரு பெயர்களின் தலையசைகளால் ஆனது. வேலூரின் ஒரு பகுதி தன் பெயரை ஒரு பேரினத்திற்கும் ஓர் இனத்திற்கும் ஈந்துள்ளது. கூடவே, முன்பு கிடைக்காத இடமும் இப்போது கிடைத்துள்ளது.

பொய்த்த காரணங்களும் இவ்வாறே தங்கிவிட்டன. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வகக் குரங்குகளில் கண்டறியப்பட்டமையால் குரங்கம்மை எனப் பெயர்பெற்ற நோய்க்கு, 2022 நவம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் எம்பாக்ஸ் என்று பெயர் மாற்றியது. கொறிவிலங்குகளே அந்நச்சுயிரியின் இயற்கை உறைவிடமாகக் கருதப்படுகின்றன. ஆயினும் இனப்பெயர் ‘ஆர்த்தோபாக்ஸ்வைரஸ் மங்கிபாக்ஸ்’ என்றே உள்ளது.

தமிழ்க் கலைச்சொல் நோக்கு

இவ்வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் சில செய்திகளைத் தருகிறது. நச்சுயிரி என்னும் சொல் இலத்தீன் மூலத்தின் நச்சுப்பொருளைக் காப்பதோடு உயிர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இவ்விரண்டு காரணங்களும் இன்று ஐயத்திற்கு உரியன. நச்சுயிரிகளுள் பெரும்பகுதி மனிதர்க்குத் தீங்கு செய்வதில்லை. அவை உயிருள்ளவையா என்னும் வினாவும் முடிவு பெறவில்லை. தீநுண்மி என்னும் சொல் உயிர் பற்றிய சிக்கலைத் தவிர்த்துத் தீமையைத் தக்கவைத்துக்கொள்கிறது. காரணம் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதற்காக இச்சொற்களைக் கைவிட வேண்டியதில்லை. வைரஸ் என்னும் மூலச்சொல்லே நஞ்சு என்னும் பொருளை இழந்து இடுகுறியாகிவிட்டது. தமிழ்ச்சொல்லும் அவ்வாறே வழங்கலாம். தேவைப்படுவது ஒருமைப்பாடு, ஒரே நூலில் மூன்று சொற்கள் ஒரே பொருளுக்கு வழங்குதல் கற்போரைக் குழப்பும்.

எழுத்துமுறை சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. இலத்தீன் எழுத்தில் இனப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கிச் சாய்வெழுத்தில் அமையும். நச்சுயிரியின் பொதுப்பெயர் நேரெழுத்தில் அமையும். கருத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கு எழுத்துவடிவமே உணர்த்துகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. அச்சில் சாய்வெழுத்து வழக்கும் குறைவு. எனவே தமிழில் எழுதுவோர் இவ்வேறுபாட்டைச் சொல்லால் காட்ட வேண்டியுள்ளது. ‘இனம்’ என்னும் சொல்லை இனப்பெயரோடு தவறாது சேர்ப்பதும், நோய் தருவதாகக் கூறுமிடத்து நச்சுயிரியின் பொதுப்பெயரையே ஆள்வதும் அதற்குப் போதுமான வழிகள். பொதுப்பெயரைத் தமிழாக்கலாம், புகையிலைத் தேமல் நச்சுயிரி என்பது பொருள் குறையாத தமிழ். இருசொல் இனப்பெயரை மொழிபெயர்த்தல் தகாது. உலகம் முழுவதும் ஒரே வடிவில் நிற்பதே அதன் பயன்.

முடிவுரை

வடிகட்டி, நுண்ணோக்கி, நியூக்ளிக் அமிலம், மரபுத்தொடர் என ஆய்வுக்கருவி மாறிய ஒவ்வொரு முறையும் நச்சுயிரிகளின் உறவுகள் மாறித் தோன்றின. பழைய காரணத்தைச் சுமந்த பெயர்கள் அப்போதெல்லாம் இடர் விளைத்தன. மார்மோர், பிழையான உறவைச் சொன்னது. கஞ்சம், ஒன்றை இரண்டாகக் காட்டியது. தோட்டப்பாளையம், உறவைச் சொல்லாது நின்றது. யாம்புக்குவும் நவாஹோ நிலமும் இந்தியாவும் பெயரால் வரும் பழியை மறுத்தன.

இவற்றிலிருந்து இத்துறை கண்ட தீர்வு காரணங்களை அழிப்பதன்று. அவற்றின் இடத்தை வரையறுப்பது. உறவைச் சொல்லும் பொறுப்பு பேரினப் பெயருக்கும் விகுதிகளுக்கும் உரியதாயிற்று. இனத்திற்கே உரிய இரண்டாம் சொல் அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. ஊரோ நோயோ அதில் இருந்தாலும் அது இடுகுறியளவில் நிற்பது. 2024இல் வெளியான பட்டியல் 14,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. அவ்வெண்ணிக்கையைத் தாங்கும் ஆற்றல் இம்முறைக்கு உண்டு.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. வகைப்பாட்டியலார்க்கு இடுகுறியாகத் தோன்றும் ஊர்ப்பெயர், அவ்வூரில் வாழ்வோர்க்கு என்றும் காரணப்பெயராகவே ஒலிக்கும். கியாசனூர் காட்டையொட்டி வாழ்வோர்க்கும் எபோலா ஆற்றங்கரை மக்களுக்கும் அது தம் மண்ணின் பெயர். 2015இன் நெறிமுறை நோய்ப்பெயர்களுக்கே உரியது. இனப்பெயர்களுக்கு அதன் கட்டு இல்லை. ஒரு பெயர் காரணமா இடுகுறியா என்பதை, பெயரிட்டவர் மட்டுமன்றிக் கேட்பவரும் தீர்மானிக்கின்றனர். நச்சுயிரிப் பெயரீட்டின் வரலாறு மொழியியலுக்கு வழங்கும் முதன்மையான பாடம் இதுவே.